கழுதைத்தோல் திரைப்படத்தின் ஆடையமைப்பு

‘கழுதைத்தோல்’ (பிரெஞ்சில் ‘போ தான்’) ழாக் தெமி இயக்கி 1970 டிசம்பரில் வெளிவந்த பிரெஞ்சு இசைப்படம். கத்ரீன் தெனேவ் இளவரசியாகவும் ழான் மரே அவளுடைய தந்தையாகிய நீல நாட்டு மன்னராகவும் நடித்தனர். பாத்திரங்களின் நிலையையும் மனத்தையும் வசனத்தைவிட உடையாலேயே உணர்த்தும் படங்களில் இதுவே தலையாயது.

கதையின் மூலம் ஷார்ல் பெரோ 1694இல் செய்யுளாக வெளியிட்ட கதை. பெரோவின் புகழ்பெற்ற 1697 உரைநடைத் தொகுப்பில் இது இல்லை. இன்று பரவலாக வாசிக்கப்படும் உரைநடை வடிவம் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1781இல் வந்தது. நாட்டார் கதைகளின் ஆர்னே–தாம்சன்–ஊதர் அட்டவணையில் இது 510 பி வகையைச் சேரும். தந்தையின் தகாத ஆசைக்குத் தப்பி ஓடும் மகள், அருவருப்பான மேலாடை, ஒளித்து வைத்த அழகிய உடைகள், அடுப்படி வேலை, அடையாளம் காட்டும் மோதிரம் ஆகியவை இவ்வகையின் கூறுகள். 17ஆம் நூற்றாண்டு நேப்பிள்சில் பசிலே எழுதிய கதையில் பெண் கரடியாகவே மாறிவிடுகிறாள். கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவள் பலவகை விலங்குகளின் மென்மயிர்த் தோல்களால் தைத்த மேலங்கியை அணிகிறாள். ஆக, உடை இக்கதைக்குப் பின்னாளில் சேர்ந்த அலங்காரமன்று. கதையே உடையால் ஆனது. தெமி செய்ததெல்லாம் அதை நம்பியதுதான்.

படத்தின் பெயர்ப்பட்டியலில் ஆடைப் பொறுப்பாளராக கித் மக்ரினி இடம்பெறுகிறார். எனினும் உடைகளை வரைந்தவர் அகொஸ்தினோ பாச்சே. அவற்றை அவருடைய படைப்பாகவே கொள்ள வேண்டும்.

இறக்கும் தறுவாயில் அரசி, தன்னைவிட அழகியை மட்டுமே மணக்க வேண்டும் என்று மன்னரிடம் வாக்குப் பெறுகிறாள். அப்படிப்பட்டவள் மகள் ஒருத்திதான். அரசியாகவும் தெனேவே நடித்திருப்பது மன்னரின் குழப்பத்தைக் கண்முன் நிறுத்துகிறது. திருமணத்தைத் தள்ளிப்போட இளவரசி மூன்று உடைகள் கேட்கிறாள்: வானிலையின் நிறத்தில் ஒன்று, நிலவின் நிறத்தில் ஒன்று, கதிரவனின் நிறத்தில் ஒன்று. முதல் உடை திரையரங்குத் திரைத்துணியால் தைக்கப்பட்டது. அதன்மீது படம்பிடித்த மேகங்களை ஒளிவீச்சால் ஓடவிட்டனர். உடுத்தியவள் அசையாமல் நிற்க, பாவாடையில் வானம் நகர்கிறது. மூன்றுமே கனத்த உடைகள். அவற்றைச் சுமந்து நடந்த சிரமத்தைத் தெனேவ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்கனம் படத்துக்கு நன்மையே செய்தது. தந்தை அளித்த பரிசு மகளை ஓரடி எடுத்து வைக்கவும் விடுவதில்லை என்பது பார்ப்பவருக்குத் தானே விளங்குகிறது.

நான்காவதாக அவள் கேட்பது, பொன்னும் மணியும் கழிக்கும் அரண்மனைக் கழுதையின் தோல். படப்பிடிப்பில் அசல் கழுதைத் தோலே பயன்பட்டது. கழுதையின் தலை முக்காடாக அவள் நெற்றியில் கவிழ, காதுகள் மேலே நிற்கின்றன. அதைப் போர்த்துத் தப்பியோடி அவள் ஒரு பண்ணையில் வேலைக்காரியாகிறாள். பண்ணையார் முதல் வேலைக்காரர் வரை அனைவரும் ஒதுக்கும் அந்தத் தோலுக்குள்தான் அவள் முதன்முறையாக விருப்பம்போல் நடமாடுகிறாள். அப்பம் செய்யும் பாடற்காட்சியில் தோல் போர்த்த வேலைக்காரியும் பொன்னுடை இளவரசியும் ஒரே குடிசையில் எதிரெதிரே வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இருவருமே தெனேவ். அவளுடைய இரட்டை வாழ்வை விளக்க ஒரு வரி வசனமும் தேவைப்படவில்லை.

மன்னர்களுக்கு வண்ணமே குணம். நீல நாட்டில் ஏவலர் முகமும் குதிரைகளும் நீலம். அவளை மணக்கவிருக்கும் இளவரசனின் நாட்டில் எல்லாம் சிவப்பு. நிறைவில் வரும் திருமணத்தில் இரண்டும் மறைந்து வெண்மை மேலோங்குகிறது. இளவரசியின் ஞானத்தாயாக டெல்ஃபின் செரிக் ஏற்ற லைலாக் தேவதை மட்டும் எந்த நாட்டு வண்ணத்துக்கும் அடங்காமல், 1930களின் ஹாலிவுட் நட்சத்திரம்போல் மெல்லிய துணிகளில் உலவுகிறாள். மன்னரோடு அவளுக்குப் பழைய பிணக்கு உண்டு. தந்தையை மணக்கக் கூடாதென இளவரசிக்கு அவள் கூறும் ஒழுக்க அறிவுரை முழுவதும் பற்றற்றதன்று என்பதை அவளுடைய ஒப்பனையே காட்டிக்கொடுக்கிறது. இறுதியில் மன்னருடன் ஹெலிகாப்டரில் வந்திறங்கி அவரையே மணக்கிறாள்.

அசல் உடைகள் எஞ்சவில்லை. படத்தை 2003இல் தெமியின் மனைவி ஆன்யெஸ் வார்தா மீட்டமைத்தார். பாரிஸ் சினிமாதெக்கின் 2013 கண்காட்சிக்காக உடைகள் மீண்டும் தைக்கப்பட்டன.