கோப்புச் சொல்லடைவுச் சேவைகள் (லினக்ஸ் மேசைக்கணினி)

கோப்புச் சொல்லடைவுச் சேவை என்பது கணினியில் உள்ள கோப்புகளின் பெயர்களையும் உள்ளடக்கத்தையும் பயனர் கேட்குமுன்னரே படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது எனக் குறித்து வைக்கும் பின்னணி நிரல். நூலின் இறுதிப் பக்கங்களில் வரும் சொல்லடைவு வாசகருக்குச் செய்யும் உதவியை இது கணினிப் பயனருக்குச் செய்கிறது. நூல் அச்சேறிய பின் மாறுவதில்லை. கோப்புகளோ நொடிக்கு நொடி மாறுகின்றன. ஆகவே இந்தச் சொல்லடைவை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். சேவையின் பயனும் தொல்லையும் இந்த ஓயாமையிலிருந்தே பிறக்கின்றன.

லினக்ஸில் லொக்கேட், பீகிள், டிராக்கர், நெபோமுக், பலூ, ரீகோல் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. மின்விசிறி இரைவது, வன்தட்டு ஓயாமல் சுழல்வது, கணினி மந்தமாவது ஆகியவை இவற்றின் மீது வழக்கமாக வரும் முறைப்பாடுகள். தமிழ்க் கோப்புகளில் சத்தமில்லாத இன்னொரு பழுதும் உண்டு: சொல் கோப்பில் இருக்கும், தேடினால் வராது.

பெயர்ப் பட்டியலின் காலம்

யூனிக்ஸில் கோப்பைத் தேடுவதென்றால் கோப்புறை கோப்புறையாக நடந்து பார்க்க வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வூட்ஸ் 1983-இல் யூசெனிக்ஸ் சங்கத்தின் இதழில் வேறு வழியொன்றை விளக்கினார். எல்லாக் கோப்புப் பெயர்களையும் முன்கூட்டியே வரிசைப்படுத்தி ஒரே பட்டியலில் வைப்பது. முந்திய பெயரோடு பொதுவாக உள்ள தொடக்கப் பகுதியைத் திரும்ப எழுதாமல், வேறுபடும் பகுதியை மட்டும் எழுதிச் சுருக்குவது. லொக்கேட் கட்டளை இந்த எண்ணத்தில் உருவானது.

பட்டியலைப் புதுப்பிக்கும் துணைநிரல் நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில், ஓடும்படி வைக்கப்பட்டது. இரவும் பகலும் ஓடும் பல்கலைக்கழகக் கணினிக்கு அது பொருந்தியது. வீட்டுக் கணினியை இரவில் அணைத்துவிடுவார்கள். தவறிய வேலையைக் காலையில் கணினி எழுந்ததும் செய்து முடிக்கும் ஏற்பாடு வந்தபோது, பயனர் வந்து அமரும் அதே வேளையில் வன்தட்டு முழுவதும் துழாவப்பட்டது. பின்னணிச் சேவை பற்றிய முதல் முறைப்பாடுகள் இப்படித்தான் எழுந்தன.

பின்வந்தவர்கள் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். ஒருவருடைய கோப்புப் பெயர் உரிமையில்லாத இன்னொருவருக்குத் தெரிவதை எஸ்லொக்கேட் தடுத்தது. மாறாத கோப்புறையை மறுபடி படிக்காமல் பழைய பதிவையே எடுத்துக்கொள்ளும் முறையை எம்லொக்கேட் கொண்டுவந்தது. 2020-இல் ஸ்டைனார் குண்டர்சன் வெளியிட்ட பிலொக்கேட், மும்மூன்று எழுத்துத் துண்டுகளை அடைவாக்கித் தேடலைப் பன்மடங்கு விரைவாக்கியது. இன்று பல லினக்ஸ் வெளியீடுகளில் லொக்கேட் என்று தட்டினால் ஓடுவது இதுவே.

உள்ளடக்கத் தேடல்

லொக்கேட் பெயரை மட்டுமே அறியும். கடிதத்தின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேட வேண்டும் என்ற விருப்பம் 2004-ஐ ஒட்டி வலுத்தது. அந்த ஆண்டு கூகுள் தனது மேசைக்கணினித் தேடலை வெளியிட்டது. 2005 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்பொட்லைட் வந்தது. லினக்ஸ் உலகில் இந்த விருப்பத்துக்கு விடையாக வந்தது பீகிள். மோனோ தளத்தில் சி-ஷார்ப் மொழியில் எழுதப்பட்ட இது, லூசீன் தேடல் நூலகத்தின் வழிவந்த ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியது. அஞ்சல், உரையாடல், ஆவணம், படம் அனைத்தையும் ஒரே பெட்டியில் தேடலாம் என்பது அதன் வாக்குறுதி. அக்காலக் கணினிகளின் சிறிய நினைவகத்துக்கு அது பெருஞ்சுமையானது. நிறுவியதும் அணைத்துவிட வேண்டிய சேவை என்ற பெயரை வாங்கி, 2009-க்குப் பின் வளர்ச்சி நின்றது.

சி மொழியில் எழுதப்பட்ட இலகுவான மாற்றாக டிராக்கர் எழுந்தது. 2007 ஒக்டோபரில் வந்த உபுண்டு 7.10 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2009-இல் வெளியான நோக்கியா என்900 கைப்பேசியிலும் டிராக்கர் ஓடியது.

மாற்றத்தை அறியும் வழி

ஒரு கோப்பு மாறிவிட்டது என்பதைச் சேவை எப்படி அறியும்? திரும்பத் திரும்ப எல்லாவற்றையும் பார்ப்பது வீண்வேலை. 2005 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் கர்னல் 2.6.13-இல் ஐநோட்டிஃபை என்ற வசதி சேர்ந்தது. ஜோன் மக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய இது, குறித்த கோப்புறையில் மாற்றம் நிகழ்ந்ததும் கர்னலே நிரலுக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு.

இதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியாக ஒரு காவல் போட வேண்டும். ஒரு காவலுக்குக் கர்னல் நினைவகத்தில் ஏறத்தாழ 1 கிலோபைட் செலவாகும். ஒரு பயனருக்கு 8192 காவல்கள் என்பது நெடுங்காலம் இயல்பு எல்லையாக நீடித்தது. அது தீர்ந்ததும் கர்னல் திருப்பித் தரும் பிழைச் செய்தி, வட்டில் இடமில்லை என்று பொருள்படும். வட்டில் தாராளமாக இடமிருக்க, இந்தச் செய்தியை நம்பிக் கோப்புகளை அழித்துப் பார்த்தவர்கள் பலர். 2021-இல் வந்த 5.11 கர்னல், கணினியின் நினைவகத்தைப் பொறுத்து எல்லையைத் தானே உயர்த்திக்கொள்கிறது.

நெபோமுக்கிலிருந்து பலூ வரை

கேடிஈ மேசைத்தளம் வேறு பாதையில் போனது. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 2006 முதல் 2008 வரை நடந்த நெபோமுக் ஆய்வுத் திட்டம், கோப்புகளுக்கு இடையிலான உறவுகளையும் கணினி அறிய வேண்டும் என்று கருதியது. இந்தக் கடிதம் இன்னாரிடமிருந்து வந்தது, இந்தப் படம் இந்தப் பயணத்தில் எடுத்தது என்ற செய்திகளெல்லாம் ஒரு பெரும் தரவுத்தளத்தில் சேர்ந்தன. 2008-இல் வந்த கேடிஈ 4 தலைமுறை இதைப் பயனர் கைக்குக் கொண்டுவந்தது. எண்ணம் உயர்ந்தது, ஆனால் அந்தத் தரவுத்தளம் வீட்டுக் கணினிக்குப் பெரிது. கேடிஈ கணினி மந்தமானால் முதலில் நெபோமுக்கைச் சந்தேகிப்பது வழக்கமாயிற்று.

2014 ஏப்ரலில் வந்த கேடிஈ 4.13 நெபோமுக்கின் இடத்தில் பலூவை வைத்தது. இந்தியரான விஷேஷ் ஹண்டா இதன் முதன்மை ஆக்குநர். உறவுகளையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கும் ஆசையைக் கைவிட்டு, தேடலை மட்டும் திறமாகச் செய்வது பலூவின் கொள்கை. முதலில் ஸாப்பியன் நூலகத்தின்மேல் நின்ற அது, பின்னர் எல்எம்டிபி என்ற சிறு தரவுத்தளத்துக்கு மாறியது.

டிராக்கரும் பாதுகாப்பும்

க்னோம் மேசைத்தளத்தில் டிராக்கர் தொடர்ந்து வளர்ந்து, 2020-இல் மூன்றாம் பதிப்பை அடைந்தது. 2024-இல் க்னோம் 47 வந்தபோது அதன் அடைவாக்கும் பகுதி லோக்கல்சேர்ச் என்றும், தரவுத்தளப் பகுதி டைனிஸ்பார்க்கிள் என்றும் பெயர் மாறின.

2023 ஒக்டோபரில் வெளியான ஒரு பாதுகாப்புக் கண்டுபிடிப்பு இச்சேவைகளைப் புதிய கோணத்தில் பார்க்க வைத்தது. இசைத்தட்டுப் பட்டியல் கோப்புகளைப் படிக்கும் லிப்கியூ நூலகத்தில் ஒரு பிழை இருந்தது. தீய நோக்கத்தோடு செய்த அத்தகைய கோப்பைப் பயனர் இறக்கினாலே போதும், திறக்க வேண்டியதில்லை. பதிவிறக்கக் கோப்புறையில் அது விழுந்ததும் டிராக்கர் தானாகப் படிக்கும், தாக்குதல் நடந்துவிடும். கெவின் பேக்ஹவுஸ் இதைக் கண்டறிந்தார்; திருத்தங்கள் உடனே வந்தன. அறிமுகமில்லாத எந்தக் கோப்பையும் படிக்கும் நிரலைத் தனிச் சிறையில் அடைத்து ஓட்ட வேண்டும் என்ற விதியின் அருமை அன்று எல்லோருக்கும் விளங்கியது.

பழுதறிதல்

சேவையை நிரந்தரமாக அணைப்பதே தீர்வென்று பலர் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் இரைச்சல் நிற்கும், தேடலும் போய்விடும். காரணத்தைக் கண்டுபிடிப்பதே சரியான வழி. பெரும்பாலான காரணங்கள் எளிமையானவை.

முதல் முழுச் சுற்று. புதிதாக நிறுவிய கணினியிலோ ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒன்றாக நகலெடுத்த பின்னரோ சேவை மும்முரமாக ஓடுவது இயல்பு. நிலைகாட்டும் கட்டளை, எத்தனை கோப்புகள் முடிந்தன, எத்தனை எஞ்சியுள்ளன என்று சொல்லும். எஞ்சிய எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தால் பொறுத்திருப்பதே மருந்து.

ஒரே கோப்பில் சிக்கல். எண்ணிக்கை அசையாமல் நின்றால், சேவை ஒரு பழுதான ஆவணத்தைப் படிக்க முயன்று விழுந்து, மீண்டும் எழுந்து, அதையே தொடுகிறது என்று கொள்ளலாம். பதிவேட்டில் அந்தக் கோப்பின் பெயர் கிடைக்கும். அதை வேறிடத்துக்கு நகர்த்தினால் வேலை தொடரும்.

தேவையற்ற கோப்புறைகள். நிரல் எழுதுவோரின் கட்டுமானக் கோப்புறை, மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமம், காப்புப்பிரதி ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மிகப் பெரிய எழுத்துக் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பலூ தானாகவே விட்டுவிடுகிறது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போதும் உள்ளடக்க வேலையை நிறுத்திவைக்கிறது.

பொய்யான அச்சம். பலூவின் நினைவகம் 256 கிகாபைட் என்று கணினிக் கண்காணிப்பு நிரல் காட்டுவதுண்டு. அது தரவுத்தளத்துக்காக ஒதுக்கிய முகவரிப் பரப்பு மட்டுமே. உண்மையில் பிடித்திருக்கும் நினைவகத்தைக் காட்டும் பத்தி வேறு. அதைத்தான் பார்க்க வேண்டும்.

மறுபடி மறுபடி அடைவாக்கம். பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பில் கணினியை மறுபடி தொடங்கும்போது வட்டுப் பகுதியின் அடையாள எண் மாறக்கூடும். பழைய கோப்புகளைப் புதியவை என்று எண்ணிப் பலூ திரும்பவும் அடைவாக்கியது. பிந்திய பதிப்புகள் நிலையான அடையாளத்தைப் பயன்படுத்தி இதைத் தீர்த்தன. எல்லா வழியும் தோற்றால் அடைவை மட்டும் அழித்துப் புதிதாகக் கட்டலாம். அடைவு அழிந்தால் மூலக் கோப்புகளுக்கு எந்தக் கேடும் வராது.

தமிழ்க் கோப்புகள்: தீவகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

இலங்கையின் யாழ்ப்பாணத் தீவகத்தில் அடங்கும் வேலணைத் தீவில், ஊர்காவற்றுறையை அடுத்துள்ள ஊர் நாரந்தனை. 1990-களில் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். ஊரைப் பற்றிய எழுத்தும் அவர்களோடு உலகெங்கும் சிதறியது. இறந்தவரின் அந்தியேட்டிக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவேடு, கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் ஆகியவையே ஓர் ஊரின் வரலாற்றைத் தாங்கும் ஏடுகள். அவற்றின் கோப்புகள் இன்று யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறொன்ரோ, பாரிஸ் என்று பல கணினிகளில் கிடக்கின்றன. ஒருவர் தம் கணினியில் நாரந்தனை என்று தேடினால் என்ன நேரும் என்பதைக் கொண்டு சேவையின் தமிழ்த் திறனை அளக்கலாம்.

முதல் தடை எழுத்துரு. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்தார்கள். அந்த முறையில் கோப்பில் சேமிப்பது தமிழ் எழுத்தை அன்று. ஆங்கில எழுத்தையே தமிழ் வடிவில் காட்டுகிறார்கள். நாரந்தனை என்ற சொல் கோப்புக்குள் ஏழு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும்; மெய்யின் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளியே குறி. நிறுத்தற்குறியில் சொல்லை வெட்டும் சேவை, நாரந்தனையை நான்கெழுத்தும் மூன்றெழுத்துமான பொருளற்ற இரண்டு துண்டுகளாக அடைவில் சேர்க்கும். தமிழில் தேடுபவருக்கு அது ஒருபோதும் அகப்படாது. தீர்வு ஒன்றே: கோப்பை யூனிகோடுக்கு மாற்றிச் சேமிப்பது. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதை ஏற்றது.

இரண்டாம் தடை குறியெழுத்துகள். யூனிகோடு தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வகையில் அடங்கும். ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறிகளை நீக்கித் தேடுவது வசதி என்று எழுதிய நிரல், எல்லாக் குறிகளையும் நீக்கினால் நாரந்தனை நரநதன ஆகிவிடும். பலூவின் சொல் பிரிக்கும் நிரலிலும் இத்தகைய நீக்கம் இடம்பெற்றது. கல், கால், கோல் மூன்றும் ஒன்றாகிவிடுவதால் கேளாத கோப்புகளும் விடையில் வந்து குவியும். லூசீனின் பழைய வெட்டுமுறையோ குறி வந்த இடத்தில் இந்திய மொழிச் சொற்களை உடைத்தது. 2011-இல் வந்த 3.1 பதிப்பு யூனிகோடின் சொல்லெல்லை விதியை ஏற்ற பின்னரே அது சீரானது.

மூன்றாம் தடை தமிழின் இயல்பு. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் ஈறு மாறும். சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு தேடும் சேவை, நாரந்தனை என்று கேட்டால் நாரந்தனையில், நாரந்தனைக்கு இரண்டையும் தரும். யாழ்ப்பாணம் என்று கேட்டாலோ யாழ்ப்பாணத்தில் வராது. மகர ஈறு அத்துச் சாரியைக்கு இடம்கொடுத்துவிட்டது. ஈற்றை விட்டு யாழ்ப்பாண என்ற அளவில் தேடுவது இன்றைக்குக் கைகொடுக்கும். சொல்லின் அடியைத் தானே காணும் ஸ்னோபால் நிரற்றொகுதியில் தமிழும் சேர்ந்துள்ளது. 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 தரவுத்தளம் அதை ஏற்றுக்கொண்டது. ஊர்காவற்றுறை, ஊர்காவற்துறை என்ற இரு எழுத்து வழக்குகளை எந்த நிரலும் தானாக இணைப்பதில்லை. ஊகாரத்தை உகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் கணினிக்கு வேறு சொல்.

நான்காம் தடை படிமங்கள். பழைய மலர்களைப் பக்கம் பக்கமாக வருடிச் சேமித்த பிடிஎஃப் கோப்பில் எழுத்தே இல்லை. படம் மட்டும் இருக்கிறது. டெசராக்ட் போன்ற எழுத்துணரி நிரலால் முதலில் எழுத்தை வெளியே எடுக்க வேண்டும். ரீகோல் அதனோடு இணைந்து வேலை செய்ய வல்லது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து ஏடுகளைப் படிமமாக்கும்போது நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை மனிதர் கையால் யூனிகோடில் பதிகிறது. எழுத்துணரி எட்டாத ஏட்டையும் தேடிப்பிடிக்க முடிவது அந்தக் கைப்பதிவினால்தான்.

இரைச்சலிடும் பழுதைப் பயனர் உடனே அறிந்து திருத்துகிறார். மௌனமான பழுது, ஏடு இல்லை என்றே அவரை நம்ப வைக்கிறது. தமிழ்க் கோப்புகளை வைத்திருப்போர் தம் ஊர்ப்பெயரை ஒருமுறை தேடிப் பார்ப்பதே நல்ல சோதனை. கையிலிருக்கும் கல்வெட்டில் உள்ள அந்தப் பெயர் தேடலில் வராவிட்டால், கோப்பு பாமினியில் உள்ளதா, எழுத்து மாறியதா, படிமமா என்று மேற்சொன்ன வரிசையிலேயே பார்த்து வரலாம்.