ஞாயிற்றின் வானொலி



காளவாசலில் நான் சிறுவனாக இருந்த நாளில், பகல் வேளையில் சிற்றலை வானொலி திடீரென்று வாயடைத்துப் போவதுண்டு. பெட்டியைத் தட்டிப் பார்ப்போம். அவற்றுள் சிலவற்றுக்கேனும் குற்றவாளி வானத்தில் இருந்திருக்கலாம் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். ஞாயிற்றில் வெடிப்பு நிகழும்போது கிளம்பும் எக்ஸ் கதிர்கள் ஏறத்தாழ 8 நிமிடத்தில் நம் காற்றுமண்டலத்தின் மேற்பகுதியைத் தாக்குகின்றன. அங்கே சிற்றலைகள் விழுங்கப்படுகின்றன. அவ்வெடிப்பு தானும் வானொலி அலைகளை வீசுகிறது என்பதே இன்று நாம் காணும் செய்தி.

இது முதன்முதல் அறியப்பட்டது போர்க்காலத்தில். 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் ராடார் கருவிகளில் பேரிரைச்சல் எழுந்தது. பகைவர் செய்யும் இடையூறோ என்று ஐயுற்றனர். ஜே. எஸ். ஹே என்னும் அறிஞர் ஆராய்ந்து, அன்று பெருங்கரும்புள்ளிகளைத் தாங்கியிருந்த ஞாயிறே அதன் பிறப்பிடம் எனக் கண்டார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோடைக்கானலின் சூரிய ஆய்வுக்கூடத்திலிருந்து பார்த்தசாரதி என்பவரும், டில்லியிலிருந்து கோவிந்த் சுவரூப்பும் 1953இல் ஆஸ்திரேலியா சென்றனர். சிட்னி அருகே 6 அடிக் குறுக்களவுள்ள 32 கிண்ண அலைவாங்கிகளைக் கொண்டு ஞாயிற்றை ஆராய்ந்தனர். அங்கே அவற்றின் தேவை தீர்ந்ததும், இந்தியாவுக்குக் கொடையாகத் தருமாறு சுவரூப் வேண்டினார். கொடுக்க இசைந்தார்கள், கப்பற்கூலி யாருடையது என்பதில்தான் காலம் நழுவியது. அறிவியலில் இத்தகைய அற்பத் தடைகளே பெருந்தடைகளாகின்றன!

சுவரூப் அமெரிக்கா சென்றார். அங்கே 1956இல் புதுவகை வெடிப்பொன்றைக் கண்டார். ஞாயிற்றின் வெளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் மேலே பாயப் பாய, அடர்த்தி குறைந்து, எழும் அலையின் அதிர்வெண்ணும் தாழ்ந்துகொண்டே போவது வழக்கம். இதிலோ தாழ்ந்த அதிர்வெண் திரும்பவும் உயர்ந்தது. காந்த வளைவொன்றின் வழியே எலக்ட்ரான்கள் ஏறி, மறுபுறம் இறங்கியிருக்க வேண்டும்! ஆங்கில எழுத்தின் உருவம் பற்றி இதனை ‘யு’ வகை என்பர்.

1963இல் அவர் தாயகம் திரும்பினார். பலகாலம் காத்திருந்த அக்கிண்ணங்கள் 1965இல் பம்பாய்க்கு அருகே கல்யாணில் நிறுத்தப்பட்டு ஞாயிற்றை நோக்கின. அக்குழுவினரே 1970இல் உதகையில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை எழுப்பினர். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகைக்கு ஒத்திருந்தமையால், கருவியை ஒரே அச்சில் சுழற்றி விண்பொருளைத் தொடர முடிந்தது. கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனமோ, 1997இல் கருநாடகத்தின் கௌரிபிதனூரில் ஞாயிற்றுக்கென்றே வானொலிப் படக்கருவி ஒன்றை அமைத்தது.