ஈடாக நின்ற ஒருவர்

மீட்பு என்னும் சொல் சமய நூல்களில் இடம்பெறுமுன்னரே சந்தையிலும் சிறையிலும் வழங்கிய சொல்லாகும். பழைய கிரேக்க, உரோம உலகிலே அடிமைப்பட்டவனையும் போரிற் பிடிபட்டவனையும் விலை கொடுத்து விடுவிப்பதே மீட்பு எனப்பட்டது. இயேசு பலருக்கு மீட்பு விலையாகத் தம்மையே அளித்தார் என மாற்கு நற்செய்தி உரைத்தபோது, அதனைக் கேட்ட முதற் கிறிஸ்தவர்களுக்கு விலங்கொடிந்து வெளிவரும் ஓர் அடிமையின் உருவமே மனக்கண் முன் தோன்றியிருக்கும்.

ஆயின், விலை எனின் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது? இவ்வினா திருச்சபையின் அறிஞர்களை நெடுங்காலம் வருத்தியது. மனிதரைச் சிறைப்படுத்தியிருந்த சாத்தானுக்கே அது கொடுக்கப்பட்டது என்றனர் முற்காலத்தவர் சிலர். கன்ரபெரிப் பேராயர் அன்செல்ம் 1098ஆம் ஆண்டளவில் முடித்த நூலில் இதனை மறுத்தார். மனிதனின் பாவம் இறைவனின் மாட்சிமைக்கு இழைத்த குறை. அக்குறையை ஈடுசெய்ய மனிதனுக்குக் கடமையுண்டு, ஆற்றலில்லை. ஆகவே இறைவனே மனிதனாகி ஈடுசெய்தார் என்பது அவர் வாதம். அடுத்த தலைமுறையினரான பீற்றர் அபெலார்ட், சிலுவையிற் கண்ட அன்பு மனித உள்ளத்தில் அன்பை மூட்டுவதே மீட்பு என்றார்.

இக்கொள்கைகள் யாவற்றுக்கும் அடியில் வேறொரு வினா உண்டு. துன்பம் என்பது தன்னளவிலேயே மீட்கும் ஆற்றல் உடையதா? அன்றி, அதனை ஏற்பவனின் உள்ளமே அதற்குப் பொருள் தருகின்றதா? இவ்வினாவுக்கு நூல்களினும் தெளிவாக விடை தந்த நிகழ்ச்சி ஒன்று, 1941ஆம் ஆண்டு, யேர்மனியர் கைப்பற்றியிருந்த போலந்து நாட்டிலே, அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நடந்தது.

அவ்வாண்டு யூலை மாத இறுதியிற் கைதி ஒருவன் முகாமிலிருந்து தப்பினான். ஒருவன் தப்பினாற் பலர் சாக வேண்டும் என்பது முகாமின் விதி. கைதிகளை அணிவகுத்து நிறுத்திய அதிகாரி அவர்களுட் பத்துப் பேரைப் பட்டினியால் மாளும்படி தெரிந்தெடுத்தான். அவர்களுள் ஒருவர் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக் என்னும் போலந்துப் படைவீரர். தம் மனைவியையும் மக்களையும் நினைந்து அவர் வாய்விட்டுக் கதறினார். அப்போது அணியிலிருந்து வேறொரு கைதி வெளியே வந்தார். தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், அம்மனிதருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகவும் கூறினார். அதிகாரி அதற்கு இசைந்தான். 16670 என்னும் இலக்கமிடப்பட்ட அக்கைதியே பிரான்சிஸ்கன் சபைத் துறவி மக்சிமிலியன் கொல்பே ஆவார். அப்போது அவருக்கு வயது 47.

நிலத்தடிச் சிறையில் அடைக்கப்பட்ட பதின்மரும் செபித்தனர், திருப்பாடல்களைப் பாடினர். அங்கே பணிபுரிந்த கைதி ஒருவர் பின்னர் இதற்குச் சான்று பகர்ந்தார். இரண்டு கிழமைகள் கழிந்த பின்னும் கொல்பேயுடன் நால்வர் உயிரோடிருந்தனர். ஆகஸ்ட் 14ஆம் நாள் அவர்களுக்கு நச்சு ஊசி ஏற்றப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒருண்மை புலனாகும். பதின்மர் அனுபவித்ததும் ஒரே பசி, ஒரே தாகம், ஒரே இருள். ஒன்பது பேர்மீது துன்பம் திணிக்கப்பட்டது; ஒருவரே அதனைத் தாமாக ஏற்றார். துன்பமே புனிதமானதெனின், அதனை விளைத்த கொடியோரும் புனிதத் தொண்டு செய்தவராவர். அங்ஙனம் கூறுவது அறமன்று. கிறிஸ்தவ சமயம் அங்ஙனம் கூறவுமில்லை. பிறர் நோவைத் தன்மீது சுமந்த ஊழியனைப் பற்றி எசாயா தீர்க்கதரிசியின் நூல் பேசுகையிலும், அவனை வதைத்தோரின் செயலை நீதி என்று சொல்லவில்லை. அடிமைகளையும் ஏழைகளையும் நோக்கி, உங்கள் துன்பமே உங்களுக்குச் சிலுவை, பொறுத்திருங்கள் என்று ஆள்வோர் போதித்த காலங்கள் உண்டு. அது சிலுவையின் பொருளைத் தலைகீழாக்கியதாகும். சிலுவை பிறன் தோளில் ஏற்றிவைப்பதற்கன்று. பிறனுக்காகத் தன் தோளில் ஏற்பதற்கே உரியது.

கொல்பே குறையற்ற மனிதர் என்று வரலாறு கூறவில்லை. போருக்கு முன்னர் அவரது துறவு மடம் வெளியிட்ட ஏடுகளில் யூதரை இகழும் கட்டுரைகளும் இடம்பெற்றன. அதே மடம் போர் மூண்டபின் வீடிழந்த பலருக்கு, யூதருக்குங்கூட, அடைக்கலம் தந்தது. இரண்டும் மறைக்கத்தக்கன அல்ல.

மீட்கப்பட்டவரின் வாழ்வும் சிந்தனைக்குரியது. கயோவ்னிச்செக் முகாம் வாழ்வைக் கடந்து மனைவியை மீண்டும் கண்டார், மக்களைக் காணவில்லை. அவர்தம் புதல்வர் இருவரும் 1945இற் குண்டுவீச்சில் மாண்டிருந்தனர். தம் பொருட்டு ஒருவர் இறந்தார் என்னும் நினைவு நெடுநாள் அவரை வருத்தியது. மீட்பு துயரிலிருந்து அவருக்குக் காப்பளிக்கவில்லை. வாழும் காலத்தையே அளித்தது. அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. தாம் கண்டதைப் பல இடங்களுக்கும் சென்று உரைத்து வந்தார்.

1971இற் கொல்பே முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். விசுவாசத்தின் பொருட்டு நேரே கொல்லப்படாதவரை இரத்தசாட்சி எனலாமா என்னும் ஐயம் அப்போது நிலவியது. 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக மாத்திரமன்றி, இரத்தசாட்சியாகவும் அறிவித்தார். பிறனுக்காக உயிர் ஈவதும் விசுவாசத்திற்குச் சான்றே என்பது அதன் பொருள். அத்திருச்சடங்கில் முதியவரான கயோவ்னிச்செக்கும் இருந்தார். 1995இல், தம் 93ஆம் வயதில், அவர் காலமானார்.

கொல்பே அன்று விடுவித்தது ஒருவரையே. எஞ்சிய ஒன்பதின்மரை அவரால் விடுவிக்க இயலவில்லை. எனினும் அவர்கள் தனித்துச் சாகவில்லை. அவர்களோடு இருந்து செபித்து, அவர்களோடு பசித்திருந்தார். மனிதரின் துன்பத்தை இறைவன் தூரத்திலிருந்து போக்காது, அதனுள் தாமே இறங்கினார் என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் பொருளை அறிய விரும்புவோர், விடுதலை பெற்ற ஒருவரோடு அவ்வொன்பதின்மரையும் நினைத்தல் வேண்டும்.