ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அடைக்கலம்

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், கடலுக்குப் பக்கத்திலேயே மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பழைய ஊர்கள் நிறைய உண்டு. வெள்ளையடித்த வீடுகள், இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள், சுற்றி மதில். வேஹேர், ஆர்க்கோஸ், ஹெரேஸ் என்று இருக்கும் பல ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் ‘எல்லைப்புறத்து’ என்ற பொருளில் ஓர் ஒட்டு வரும். ஒரு பக்கம் காஸ்தீலியக் கிறித்தவ அரசு, மறுபக்கம் கிரானடா முஸ்லிம் அரசு என 1492 வரை இருந்த இழுபறியில் அந்த ஊர்கள் நடுவே நின்றவை. இன்று சுற்றுலாக்காரர்கள் அங்கே அழகைப் பார்க்கப் போகிறார்கள். அன்று மலைமேல் குடியேறியவர்கள் பார்த்தது அழகை அல்ல. ஓடி வந்தால் ஒளிய இடம் உண்டா, எதிரி வருவது தூரத்திலேயே தெரியுமா என்பதைத்தான்.

நம் டெல்டாவில் மலை ஏது? இங்கே அந்த வேலையை ஆறு செய்தது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தென்னோரத்தில் இருக்கும் ஏலாக்குறிச்சி அப்படிப்பட்ட எல்லைப்புறத்து ஊர்தான்.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசி வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொண்டால் விஷயம் சட்டென்று புரியும். ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராத்தியர் ஆட்சி. வடக்கே அரியலூர் மழவராயர், உடையார்பாளையத்தார் என்று பாளையக்காரர்கள். தெற்கே நஞ்சை, கோயில்கள், கணக்கர்கள், வரி வசூல் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாடு. வடக்கே மேட்டுநிலம், காடு, தங்கள் காட்டுக்குத் தாங்களே ராஜா என்ற தோரணையில் இருந்த பாளையங்கள். ஆறு வற்றும் மாதங்களில் மணலில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் தஞ்சை அரசின் ஆணை அந்த மணலோடு நின்றுவிடும்.

1701 வாக்கில், சகஜி மன்னர் காலத்தில், தஞ்சைச் சீமையில் கிறித்தவர்கள் மீது கடுமையான நடவடிக்கை எடுக்கப்பட்டது. இயேசு சபைக் குருமார்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சிறையிலேயே இறந்தார். குடும்பம் குடும்பமாக மக்கள் கொள்ளிடத்தைக் கடந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் இந்தக் குறிச்சி.

மழவராயர் ஏன் இடம் கொடுத்தார்? ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்ததாம்; வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் இங்கிருந்த சந்நியாசி இந்த ஊர் மண்ணைக் குழைத்துப் பூசிக் குணமாக்கினாராம்; அந்த நன்றிக்கு நிலம் எழுதி வைத்தாராம். கதையை நான் மறுக்க வரவில்லை. ஆனால் பாளையக்காரரின் கணக்கும் ஒன்று இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆள் குறைந்த மேட்டுநிலத்துக்குத் தஞ்சையின் உழவுத் தொழில் தெரிந்த கைகள் தாமாக நடந்து வருகின்றன. வேண்டாம் என்று யார் சொல்வார்?

அந்தச் சந்நியாசிதான் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலியில், காஸ்திலியோனே என்ற சிற்றூரில் 1680 நவம்பர் 8 அன்று பிறந்தவர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-இல் லிஸ்பனில் கப்பலேறி, கோவா வழியாகத் தமிழ்நாடு வந்தவர். தைரியநாதர் என்று முதலில் பெயர் வைத்துக்கொண்டார். பிறகு ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது: வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சிக்கு அவர் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். ஓடி வந்தவர்கள் ஊரில் மாதாவுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

இப்போது அந்த ஊருக்குப் போகிற வழியே ஒரு சரித்திரப் பாடம். அரியலூரிலிருந்து கிளம்பினால் முதலில் சிமென்ட் லாரிகளின் புழுதி. சாலையின் இரு பக்கமும் இருக்கும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இது கடலடி. (கடலோர ஊர் என்று ஸ்பெயினில் சொல்லிக்கொள்பவர்கள் கொஞ்சம் தாமதமாக வந்தவர்கள்!) பிறகு கீழப்பழுவூர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் என்றால் போதும், விளக்கம் வேண்டாம். திருமானூரை நெருங்கும்போது நிலம் பச்சையாகிறது. அங்கே நேரே போனால் கொள்ளிடப் பாலம், அதைத் தாண்டினால் திருவையாறு, தஞ்சாவூர். பாலம் ஏறாமல் கிழக்கே திரும்பினால் ஆற்றோரமாக ஏலாக்குறிச்சி.

ஊருக்குள் நுழையும் முன்பே 53 அடி உயர மாதா சிலை கண்ணில் படும்; இது அண்மைக் காலத்துச் சேர்க்கை. கோயில் வாசலில் மெழுகுவத்தி, உப்பு, மிளகு, ஜெபமாலை விற்கும் கடைகள். பிரார்த்தனை செலுத்த வந்து மொட்டை போட்ட குழந்தைகள். நெற்றியில் விபூதியோடு வந்து மெழுகுவத்தி ஏற்றுபவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் யாரும் வியப்பதில்லை. ஊரோடு ஒட்டிய கோயில்களில் இது வழக்கம்தான். ஆனால் நான் தேடியது சிலையையோ கடையையோ அல்ல. ஒரு காலத்தில் இங்கே குவிந்து கிடந்த ஓலைகளை.

ஏனென்றால் திருக்காவலூரில் முனிவர் செய்தது கோயில் கட்டிய வேலை மட்டுமல்ல. வேதியர்களை, அதாவது ஊர் ஊராகப் போய் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களை, பழக்கும் இடமாகவும் இதை வைத்திருந்தார். அவர்களுக்காக எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ 1727-இல் முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் ‘தேம்பாவணி’: சூசையப்பரைத் தலைவனாக வைத்து 36 படலம், 3615 பாடல். முனிவர் கோயில் கட்டிய இன்னொரு ஊரான கோணான்குப்பத்தில் எழுதினார் என்று அங்குள்ளவர்களும், இல்லை இங்கேதான் என்று இங்குள்ளவர்களும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடியாடிக்கொண்டிருந்த மனிதர் எந்தத் திண்ணையில் எந்தப் படலத்தை முடித்தார் என்று பிரிக்க முயல்வது வீண் வேலை. ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ மட்டும் சந்தேகமில்லாமல் இந்த ஊர்ச் சொத்து.

1728-இல் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம். 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தும் அடங்கிய ‘தொன்னூல் விளக்கம்’. 1732-இல் ‘சதுரகராதி’, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவு. அதுவரை நிகண்டுகள் செய்யுளில் இருந்தன, மனப்பாடம் செய்தவனுக்குத்தான் சொல் கிடைக்கும். இதில் எழுத்து வரிசையில் தேடி எடுக்கலாம். திருக்குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் லத்தீனுக்குப் போயின. காமத்துப்பாலை விட்டுவிட்டார், துறவி, வேறென்ன செய்வார்!

இத்தனையிலும் நம் கையில் தினமும் புழங்குவது ஒன்று உண்டு. ஊர்ப் பெயர்ப்பலகையில் இருக்கிற ‘ஏ’ என்ற எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் அடியில் இழுத்துவிட்ட கால் ஒன்று இருக்கிறதே, பழைய சுவடியில் அது கிடையாது. தொல்காப்பியர் காலத்து விதிப்படி வெறும் ‘எ’ என்றால் நெடில். குறிலாக வேண்டுமானால் தலையில் ஒரு புள்ளி. ‘ஒ’வுக்கும் அதே விதி. சிக்கல் ஓலையில்தான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே ஏடு எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘மெய்’யும் ‘மேய்’யும் ஒரே மாதிரி இருக்கும். பரம்பரையாகப் படித்த புலவருக்கு இது சிரமமே இல்லை. முப்பது வயதுக்கு மேல் இந்த மொழியைக் கற்க வந்தவருக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்துவிடுவோம் என்றார் முனிவர். ஏகாரத்துக்குக் கால், ஓகாரத்துக்குச் சுழி, உயிர்மெய்யில் கொம்புக்கு மேலே ஒரு சுழி. புதிதாய் வந்தவரின் கண்ணுக்குத்தான் பழகிய வீட்டின் இடறும் வாசற்படி தெரியும் போலிருக்கிறது.

இவ்வளவும் ஓலை. அச்சு எங்கே இருந்தது? ஆற்றோடு கிழக்கே போய்க் கடலைத் தொட்டு, அப்படியே தெற்கே இறங்கினால் வரும் தரங்கம்பாடியில். டென்மார்க் கோட்டையின் நிழலில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் பாதிரிமார்களும் அச்சகம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டையே தமிழில் கொண்டுவந்துவிட்டார்கள். முனிவருக்கு அவர்கள் ஆகவே ஆகாது. தஞ்சைப் படையிலிருந்த இராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் லுத்தரன் பக்கம் போனபோது பகை இன்னும் முற்றியது. ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’, ‘பேதகமறுத்தல்’ என்று அடுக்கடுக்காக மறுப்பு எழுதினார். அந்த உரைநடையில் முனிவரின் சாந்தத்தைத் தேடாதீர்கள். கிண்டலும் காரமும் கொப்பளிக்கும். தமிழ் உரைநடை சண்டை போடக் கற்றுக்கொண்டதில் இந்த இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்பேன்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். முனிவர் 1728-இல் முடித்த பேச்சுத் தமிழ் இலக்கணம் முதலில் அச்சேறியது எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், அதே லுத்தரன் அச்சகத்தில், 1738-இல். வைது வைது எழுதிய எதிரியின் நூலை, தங்கள் ஆட்கள் தமிழ் கற்க இதைவிட நல்லது இல்லை என்று கண்டு, அவர்களே அச்சடித்தார்கள். அவர்கள் பெருந்தன்மையா, காரியவாதமா? இரண்டும்தான்.

அந்த நேரத்தில் முனிவர் நின்றிருந்த தரை நழுவிக்கொண்டிருந்தது. எல்லைப்புறத்து ஊருக்குப் பாதுகாப்பு என்பது எல்லை இருக்கும்வரைதான். 1736-இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் திருச்சியை நாயக்க ராணி மீனாட்சியிடமிருந்து வஞ்சகமாகப் பறித்தார். 1741-இல் ரகோஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை வந்து திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு போனது. நாயக்கர், பாளையக்காரர், தஞ்சை ராஜா என்று ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற பழைய கட்டு குலைந்தது.

சந்தா சாகிபைப் பார்க்க முனிவர் உருதுவும் பாரசீகமும் கற்றார், அவரிடம் திவானாகவே இருந்தார், பல்லக்கில் புலித்தோலில் அமர்ந்து ஊர்வலம் போனார் என்றெல்லாம் ஒரு வரலாறு சொல்கிறது. எழுதியவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. எழுதிய ஆண்டு 1822. சென்னைக் கோட்டைக் கல்லூரியை நடத்திய எல்லீஸ் துரை, முனிவரின் நூல்களைத் தேடித் திரட்ட 1816-இல் அவரைத் தெற்கே அனுப்பினார். ஊர் ஊராகப் போய்ச் சுவடியோடு செவிவழிக் கதைகளையும் திரட்டிக்கொண்டு வந்தார் அந்த மனிதர். சுவடி விஷயத்தில் தமிழுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. திவான் கதையை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. துறவறச் சபையின் கட்டுப்பாட்டில் இருந்தவர் நவாப் வீட்டு உத்தியோகம் பார்த்தார் என்றால், எந்நேரமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அவர் சபையார் அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்க மாட்டார்களா? சந்தா சாகிபைச் சந்தித்தார், பேசினார் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தமிழ்ப் பாடம் சொன்ன ஆசிரியர் என்று பேசப்படும் சுப்ரதீபக் கவிராயர் விஷயமும் இதே ரகம். கூளப்ப நாயக்கன் மீது விறலிவிடு தூது பாடிய அந்தக் கவிராயரையும் ‘தேம்பாவணி’ பாடிய துறவியையும் ஒரே திண்ணையில் உட்கார்த்திப் பார்ப்பதில் கதை சொல்பவர்களுக்கு ஒரு ருசி.

கலவரம் மூண்டதும் முனிவர் தெற்கே இறங்கி முத்துக்குளித்துறைப் பக்கம் போனார். அங்கிருந்து கேரளத்து அம்பலக்காடு. 1747 பிப்ரவரி 4 அன்று அங்கேயே காலமானார். மணப்பாட்டில் 1742-இல் இறந்தார் என்று பழைய புத்தகங்களில் பார்த்தால் குழம்ப வேண்டாம். அது முத்துசாமிப் பிள்ளை காலத்திலிருந்து வந்த தகவல். 1773-இல் போப்பாண்டவரே இயேசு சபையைக் கலைத்துவிட்டார். கேட்பாரின்றி ஓலைகள் சிதறின. ஆனாலும் முனிவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ 1822-இல் லண்டனில் அச்சாகிவிட்டது. குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கப் பயந்து, கொள்ளிக்கட்டையை வைத்து ஆறு தூங்குகிறதா என்று சோதித்துப் பார்க்கிற கதை அதில்தானே முதலில் வரும்? அதை எழுதும்போது அவர் கண்ணெதிரே கிடந்தது கொள்ளிடம் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆதாரம் கேட்காதீர்கள்.

போக விரும்புகிறவர்கள் தஞ்சாவூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ திருமானூர் போய், அங்கிருந்து போகலாம். ஒருநாள் ஒதுக்கினால் பக்கத்திலேயே கொள்ளிடக் கரையில் திருமழபாடி வைத்தியநாதர் கோயிலையும் பார்த்துவிடலாம். பறவை பார்ப்பவர்கள் மழைக்காலம் முடிந்த மாதங்களில் கரைவெட்டி ஏரிக்குப் போகலாம். 2024-இல் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் இதே கரையில் கிழக்கே நடந்து உடையார்பாளையத்தார் கோட்டைக்குப் போவோம். மழவராயர் அடைக்கலம் கொடுத்தது போல அவர்களும் ஒரு பெரிய விருந்தாளிக்குக் கொடுத்தார்கள். அது வேறு மாதிரிக் கதை.

(தொடரும்)