பதினோராம் எண் கோயில்

கடாரம் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவது 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே. ஆயின் கெடாவில், ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் கிடக்கும் கோயில் அடித்தளங்களை நேரிற் கண்டோர் நம்முள் மிகச் சிலர்.

குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தம் மனைவியாருடன் 1936-37இல் அங்கு அகழ்ந்து, ஏறக்குறைய முப்பது இடங்களுக்கு எண்ணிட்டார். எட்டாம் எண்ணுடையதே புக்கிட் பத்து பஹாட். அதனை 1959-60இல் அலஸ்டர் லாம்ப் மீண்டும் ஆராய்ந்து கட்டியெழுப்பினார். தரையடியிற் கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன், மணி முதலியன இருந்தன. தூண்தாங்கு கற்களில் குழிகள் உள. ஆகவே மேற்கட்டு மரத்தால் ஆகியிருந்ததென்பது பெறப்படும். தஞ்சையிற்போற் கல்விமானம் தேடிச் செல்வோர் ஏமாறுவர். இவை யாவும் சோழர் கட்டியவை என்று மேடைகளில் முழங்குவதும் பொருந்தாது. பல அவர்கட்கு முற்பட்டவை, பௌத்தச் சின்னங்களும் உள.

பதினோராம் எண் கோயிலை இனி யாரும் காண இயலாது. 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அதன் அடித்தளம் இடித்தகற்றப்பட்டது. நிலம் தனியார் உடைமை. அவ்விடம் அரசிதழில் மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பெறவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் இருந்தும், அறிவிக்கப்படாத இடத்தில் அதன் கை நீளவில்லை.

இங்கிலாந்தில் உரோமர் காலத்து நாட்டுப்புற மாளிகைகளும் தனியார் வயல்களிலேயே புதைந்துள்ளன. 1864இல் வெளிப்பட்ட செட்வொர்த் மாளிகை 1924 முதல் தேசிய அறநிலையத்தின் காப்பில் உள்ளது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் இடம்பெற்ற சின்னத்தில் நிலவுடையாரும் அரசின் இசைவின்றிக் கைவைத்தல் குற்றம். அங்கும் பட்டியலே முதற்படி என்பதை மறத்தலாகாது.

நம் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகி வருவதால் இவ்வினா கெடாவோடு முடிவதன்று. கால்வாய் வெட்டுங்கால் பழஞ்செங்கல் தென்பட்டால், அதைப் பெயர்க்காமல் இடத்தைக் குறித்து, மரபுரிமைத் துறைக்கு எழுத்தில் தெரிவித்தல் ஆசிரியர் எவர்க்கும் இயலும்.

பெயர்த்தெடுத்துக் காட்சிக்கு வைத்தால் போதாதோ என்பர் சிலர். பெங்காலான் பூஜாங் கோயில் அவ்வாறே மெர்போக் அருங்காட்சியக வளாகத்திற்கு வந்தது. கல் பிழைத்தது. ஆயின் சீனப் பீங்கானுடைசல்கள் குவிந்து கிடந்த துறைமுகக் கரையில் அக்கோயில் நின்றதனாலன்றோ, வணிகர் வழிபட்ட இடமென்று அதனைக் கருத முடிந்தது!