கணிப்பொறியின் மறதி

கோபர்கைரனேயில் இன்று எவரேனும், 1982இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் பழைய வீட்டுக் கணிப்பொறியின் நினைவகத்தைப் பழுது பார்க்க அமர்ந்தால், அவர் கையாளும் முறை அக்கருவியைவிட மூத்ததாகும். அதை அறியத் தாணே கடற்கழியைத் தாண்டிக் கொலாபாவுக்குச் சென்று, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பழங்கதையைப் பார்த்தல் நன்று.

1950களின் நடுவில் அந்நிலையத்தார், கணிப்பொறி ஒன்றைத் தாமே இயற்றத் துணிந்தனர். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அப்பணிக்குத் தலைமை வகித்தார். 1960இல் பொறி முழுமையாக வேலைக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். சுமார் 2700 வால்வுகள் கொண்ட அப்பொறியின் நினைவகமோ ஃபெரைட் வளையங்களால் ஆனது. சொல் ஒன்றுக்கு 40 இலக்கங்கள், மொத்தம் 2048 சொற்கள். ஆகவே 81,920 வளையங்கள்!

ஒவ்வொரு சிறு வளையமும், காந்தம் சுழலும் திசையால் 0 அல்லது 1 என்பதைக் காக்கும். குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இரு கம்பிகளில் பாதிப் பாதி மின்னோட்டம் பாய, அவை சந்திக்கும் வளையம் மட்டுமே திரும்பும். படித்தால் பதிவு அழிந்துவிடும். உடனே மீண்டும் எழுதவேண்டும். வெப்பம் ஏறினால் மின்னோட்டத்தின் அளவு பொருந்தாது போகும். பாதி மின்னோட்டம் பட்ட அண்டை வளையங்களின் சலசலப்பும் சேர்ந்து, 0 என்பது 1 போலத் தோன்றும். ஆதலால் எல்லா இடத்திலும் 0 எழுதிப் பார்த்தல் போதாது. பொறியை மிகவும் திணறச் செய்யும் கோலத்தையே எழுதிப் படித்துச் சோதிப்பர்.

பிழையின் அமைப்பே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லாச் சொற்களிலும் ஒரே இலக்கம் தவறினால் அவ்விலக்கத்திற்குரிய வளையத் தட்டில் குறை; சில முகவரிகளில் மட்டும் எல்லா இலக்கங்களும் தவறினால் முகவரிக் கம்பியில் குறை.

1964இல் சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறி நிலையத்திற்கு வந்தபின் டிஃப்ராக் ஓய்வு பெற்றது. ஆயினும் இத்தர்க்கம் ஓய்வு பெறவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் கீழ் நினைவகத்தில் 4116 வகைச் சில்லுகள் எட்டு, இலக்கத்திற்கு ஒன்று. திரைக்குரிய பதிவும் அங்கேயே இருப்பதால், ஒரு சில்லு கெட்டால் எட்டுப் புள்ளிக்கு ஒரு முறை நெடுங்கோடு தோன்றக் காணலாம். எந்தச் சில்லு என்பதை அக்கோடே சொல்லிவிடும்!

புதுச் சில்லைப் பொருத்துமுன் மின்னழுத்தங்களை அளத்தல் வேண்டும். நேர் 12, நேர் 5, எதிர் 5 வோல்ட் ஆகிய மூன்றும் இச்சில்லுக்குத் தேவை. எதிர் 5 வோல்ட் இல்லாதிருக்க மற்றவை மட்டும் பாய்ந்தால், புதிதாய் இட்டதும் பழையதன் வழியே போகும்.