வெள்ளை டெலிபோனும் திருட்டுப்போன சைக்கிளும்

“அழுகை போதும், அல்லல் போதும், ஆனந்தம் காட்டுங்கள்!” என்கிறார்கள். படம் பார்க்க வருபவன் பகலெல்லாம் பாடுபட்டவன். அவனுக்கு இரண்டரை மணி நேரம் இன்பக் கனவு தரக் கூடாதா, வீட்டிலே விட்டுவந்த வேதனையையே வெள்ளித் திரையிலும் விரித்துக் காட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது போலத்தான் தோன்றுகிறது. கேட்பவர் யார் என்று பார்த்த பிறகுதான் ஐயம் பிறக்கிறது. பாடுபட்டவன் கேட்டால் அதற்கு ஒரு பொருள். பதவியில் அமர்ந்தோர் கேட்டால் அதற்கு முற்றிலும் வேறு பொருள்.

1952 பிப்ரவரித் திங்களிலே, இத்தாலியின் ஆளுங்கட்சி வார ஏடான ‘லிபெர்தாஸ்’ இதழில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. எழுதியவர் ஜூலியோ ஆண்ட்ரியோட்டி. வயது 33. பிரதமரின் துணைச் செயலர். படத்துறை அவர் பிடியில் இருந்தது. பிற்காலத்தில் ஏழு முறை பிரதமர் பீடம் ஏறியவர் இவரே. கடிதம் யாருக்கு? படமெடுப்பாளர் விட்டோரியோ டி சிகாவுக்கு. குற்றம் என்ன? ஓய்வூதியம் போதாமல் ஒண்டுக் குடித்தன அறைக்கும் வாடகை தர இயலாமல் தத்தளிக்கும் கிழவர் ஒருவரையும், அவருடைய நாய்க்குட்டியையும் ‘உம்பெர்டோ டி’ என்ற பெயரில் படமாக்கிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே இத்தாலி இப்படித்தான் இருக்கிறது என்று உலகம் நம்பினால் அது தாய்நாட்டுக்குச் செய்த தீய தொண்டு ஆகாதா, கொஞ்சம் ஆரோக்கியமான நம்பிக்கை ஊட்டக் கூடாதா என்று அமைச்சர் கேட்டார்.

இந்த ‘நம்பிக்கை’ இத்தாலிக்குப் புதிய சரக்கன்று. அதற்கு முன்பே இருபது ஆண்டுக் காலம் அதை அளவின்றி விற்றுத் தீர்த்த கடைக்காரர் ஒருவர் அந்த நாட்டிலே இருந்தார். அவர் பெயர் முசோலினி!

சினிமாவே வலிமை மிகுந்த ஆயுதம் என்று எழுதி வைத்துக்கொண்டு, 1937 ஏப்ரலில் ரோம் நகர்ப்புறத்தில் ‘சினெசித்தா’ என்னும் மாபெரும் படப்பிடிப்பு நகரைத் திறந்து வைத்தார் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் எத்தியோப்பியா மீது படையெடுப்பு நடந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் சிறையிலும் தொலைதூரத் தீவுகளிலும் வாடினர். தற்கொலைச் செய்திகளையும் குற்றச் செய்திகளையும் பெரிதாக வெளியிடக் கூடாது என்று பத்திரிகைகளுக்கு உத்தரவு பறந்தது. திரையிலோ பளிங்கு மாடி, பட்டு மெத்தை, செல்வச் சீமாட்டி! அவள் படுக்கையருகே ஒரு வெள்ளை டெலிபோன். சாதாரண வீட்டிலே டெலிபோனே இல்லை. இருந்த இடத்திலும் கறுப்புத்தான். ஆகவே வெள்ளை நிறம் செல்வத்தின் சின்னம். பின்னாளில் அந்த வகைப் படங்களுக்கே ‘வெள்ளை டெலிபோன் படங்கள்’ என்ற பெயர் நிலைத்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: கணவன் மனைவி பிரிவது, களவுக் காதல் போன்றவை வந்துவிட்டால் கதையை புடாபெஸ்ட் நகரில் நடப்பதாக மாற்றிவிடுவார்கள். இத்தாலியிலேதான் அப்படிப்பட்ட தவறுகள் நடப்பதில்லையே!

அந்தக் கனவுலகத்தின் கவர்ச்சிக் கதாநாயகர்களில் ஒருவர் யார் தெரியுமா? இதே டி சிகாதான். 1932 முதற்கொண்டு சிரித்த முகமும் சீரான உடையுமாகத் திரையிலே தோன்றிப் பாடினார்; பெண்கள் மனத்திலே இடம் பிடித்தார். இன்பப் படம் எடுக்கத் தெரியாமல் துன்பப் படம் எடுக்கப் போனவரல்லர் அவர். இன்பப் படத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். அதன் பூச்சு எதை மறைத்தது என்பதைப் போர் வந்தபோது தம் கண்ணாலேயே கண்டவர்.

போர் எல்லாவற்றையும் கிழித்துக் காட்டிற்று. 1943இல் ரோம் மீது குண்டு விழுந்தது, முசோலினி வீழ்ந்தார், செர்மானியப் படை நகரைப் பிடித்தது. 1944 ஜூனில் அது வெளியேறிய பிறகு, சினெசித்தாவின் அரங்குகளிலே வீடிழந்தோர் குடியேறினர். பளிங்கு மாடிக் காட்சி அமைத்த இடத்திலே பஞ்சைகள் அடுப்பு மூட்டினர்! கலைஞர்கள் தெருவுக்கு வந்தனர்; வேறு வழியும் இல்லை. கிடைத்த துண்டுப் பிலிமைக் கொண்டு ரோசெலினி ‘ரோம், திறந்த நகரம்’ எடுத்தார். 1945இல் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டு டி சிகாவின் ‘சூஷா’ வந்தது. அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பூட்சு துடைக்கும் சிறுவர்கள் இருவர் சிறைக்குப் போகும் கதை. சொந்த நாட்டிலே அது ஓடவில்லை.

பிறகு 1948. ‘சைக்கிள் திருடர்கள்.’

கதை என்று சொல்ல அதிகமில்லை. நெடுநாள் வேலையின்றி நின்ற ரிச்சி என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையிலே. மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி எடுத்து மூட்டை கட்டுகிறாள். விரிப்பை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். இந்த இடத்திலே டி சிகா ஒரு காட்சி வைத்தார். அடகுக் கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி போன்ற பலகை அடுக்கிலே ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். அடுக்கு முழுவதும் அதே போன்ற மூட்டைகள்! ஒரு நகரமே விரிப்பின்றிப் படுத்துறங்குகிறது என்பதை ஒரு சொல்லும் பேசாமல் சொல்லிவிட்டார். மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கினாலும் நம்மால் அதைச் சொல்ல முடியுமா?

வேலையின் முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. ஹாலிவுட் அழகி ரீட்டா ஹேவொர்த்தின் படத்தைச் சுவரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில் போகிறது. இன்பப் படத்துக்கு விளம்பரம் ஒட்டுபவனின் பிழைப்பு பறிபோகிறது. அவனும் அவன் மகன் புரூனோவும் நகரெங்கும் தேடுகிறார்கள். காவல் நிலையம் புகாரை எழுதிக்கொண்டு நீயே தேடு என்கிறது. மாதா கோயிலிலே கனவான்களும் சீமாட்டிகளும் ஏழைகளுக்கு முகம் மழித்து, வழிபாட்டில் அமர வைத்து, பிறகுதான் கஞ்சி ஊற்றுகிறார்கள். தேவன் திருமுன் பசித்த வயிறு வரிசையில் நிற்கிறது!

அதனினும் கூர்மையானது குறி சொல்பவளின் வீடு. தொடக்கத்திலே மரியா அவளிடம் போனபோது ரிச்சி சிரித்தான். வேலை தேடிக் கொடுத்தது நானா, அவளா என்று கேலி பேசினான். நம் இளைஞன் ஒருவன் பேசுவது போலவே பேசினான். சைக்கிள் போய், தேடிக் களைத்து, கால் ஓய்ந்த பிறகு அதே ரிச்சி அதே வீட்டின் படியேறுகிறான். காசு வைத்துக் கேட்கிறான். இப்போதே கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்கவே கிடைக்காது என்று குறி வருகிறது! மூடநம்பிக்கை முட்டாள்தனத்தால் மட்டுமே பிறப்பது என்று எண்ணுகிறோமே, அது பாதி உண்மைதான். கையிலே வேறொன்றும் எஞ்சாதவனின் கடைசிப் படிக்கட்டாகவும் அது அமைகிறது. படிக்கட்டை இடிக்க வேண்டுமானால் அவனை அங்கே துரத்தி வந்தது எது என்றும் பார்க்க வேண்டும். இதை எனக்கு உணர்த்தியது எந்தப் பகுத்தறிவு நூலும் அன்று, இந்தப் படமே.

முடிவில் அவனே ஒரு சைக்கிளைத் திருடுகிறான். மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். உரியவர் இரங்கி விடுகிறார். தந்தை அழுதுகொண்டே நடக்க, சிறுவன் அவன் கையைப் பற்றுகிறான். கூட்டத்திலே மறைகிறார்கள். சைக்கிள் கிடைக்கவில்லை. முற்றும்.

இதே கதைக்கு அமெரிக்கப் படமுதலாளி செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ரிச்சியாகக் கேரி கிராண்ட் நடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேரி கிராண்டின் சைக்கிள் போனால் யார் கவலைப்படுவர்? கார் வாங்கிக்கொள்வார் என்றல்லவா தோன்றும்! டி சிகா மறுத்துவிட்டு, பிரெடா தொழிற்சாலையின் உலோகத் தொழிலாளி லம்பெர்டோ மாஜியொரானியை நடிக்க வைத்தார்.

‘உம்பெர்டோ டி’யில் கிழவராக வந்தவரும் நடிகரல்லர், பிளாரன்சுப் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் கார்லோ பட்டிஸ்டி. பிச்சை கேட்கத் துணிந்து கையை நீட்டுகிறார் கிழவர். ஒருவர் காசு போட வரும் நொடியிலே, மழை தூறுகிறதா என்று பார்ப்பவர் போல உள்ளங்கையைத் திருப்பிக்கொள்கிறார். அமைச்சருக்கு ஆகாமற்போன காட்சிகள் இவை. அவர் கையிலே வெறும் கடிதம் மட்டும் இல்லை. 1949இல் அவர் கொண்டுவந்த சட்டம், கதையை முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் பெற்ற படத்துக்கே அரசுக் கடன் என்றது. நாட்டின் பெயரைக் கெடுக்கும் படம் வெளிநாடு போகாமல் தடுக்கவும் வழி வகுத்தது. முசோலினியின் கத்தரி போயிற்று. கணக்கப்பிள்ளையின் பேனா வந்தது.

ஆனால் அதே இத்தாலியின் நாடாளுமன்றம் 1951இல் நாட்டின் வறுமை பற்றி ஆராய விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. பத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கு மேல் கொடிய வறுமையில் உழல்வதைக் குழு கண்டறிந்தது. நாடாளுமன்றம் எண்ணால் எழுதினால் அறிக்கை. கலைஞன் முகத்தால் எழுதினால் தேசத் துரோகமா?

அமைச்சரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிடவும் முடியாது. இடதுசாரித் திறனாய்வாளர் சிலரும், போராட்டம் எங்கே, வெற்றி எங்கே என்று டி சிகாவைக் கேட்டனர். நம்மவரும் கேட்பர், கடைசிக் காட்சியிலே கொடி பறக்காவிட்டால் நமக்குக் கை தட்ட வருவதில்லை. இப்படங்களின் கதாசிரியர் செசாரே சவாட்டினி இதற்கு விடை சொன்னார்: தீர்வு எழுதித் தருவது கலைஞன் வேலையன்று, தீர்வு உடனே வேண்டும் என்ற தவிப்பைப் பார்ப்பவனிடம் உண்டாக்கினால் போதும். சரியென்றே எனக்குப் படுகிறது. 1952 அக்டோபரில் ‘பராசக்தி’ வந்தபோது தடை செய், தடை செய் என்று கூக்குரல் எழுந்ததே, பிரிந்தவர் கூடிய மங்கள முடிவைக் கண்டா அவர்கள் வெகுண்டனர்? பசித்த கலியாணியைக் கண்டல்லவா! முடிவை நாம் நமக்காகச் சேர்த்துக்கொண்டோம்; அவர்களைச் சுட்டது நடுவிலே இருந்த நெருப்பு. இருளைக் காட்டுபவர் எல்லாரும் டி சிகா ஆகிவிடுவதில்லை என்பதும் உண்மையே. பிறர் வறுமையைப் படமாக்கித் தம் பரிசுப் பெட்டியை நிரப்பியவரும் இருக்கின்றனர்.

அந்த 1952 ஜனவரியில்தான் பம்பாயில் தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா எனச் சுற்றிவந்த உலகத் திரைப்பட விழாவில் ‘சைக்கிள் திருடர்கள்’ இந்நாட்டாருக்குக் காட்டப்பட்டது. மறு ஆண்டே பிமல் ராய், இரண்டு பிகா நிலத்தை மீட்கக் கல்கத்தாவிலே ரிக்சா இழுக்கும் உழவனைப் படமாக்கினார். 1950இலேயே லண்டனில் அப்படத்தைக் கண்ட சத்யஜித் ராய், 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யை வெளியிட்டார். பெயரிலே பாதை இருந்ததாலோ என்னவோ, வங்க அரசு தந்த பணம் சாலைச் செப்பனிடும் கணக்கிலே எழுதப்பட்டதாம்! 1980இல் மாநிலங்களவை உறுப்பினரான நடிகை நர்கீஸ், ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று சாடினார். புதிய இந்தியாவைக் காட்ட வேண்டும் என்றார். புதிய இந்தியா என்பது எது என்று கேட்டபோது வந்த விடை: அணைகள். ஆண்ட்ரியோட்டியின் கடிதம் ஆழ்கடல் தாண்டி, 28 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

டி சிகா என்ன ஆனார்? ‘உம்பெர்டோ டி’ வசூலில் வீழ்ந்தது. தம் படங்களுக்குப் பணம் தேட மற்றவர் படங்களில் நடித்தார். 1953இல் வெளிவந்த ‘ரொட்டி, காதல், கனவு’ படத்திலே காவல் அதிகாரியாக, மீசையும் மிடுக்குமாகத் தோன்றினார். அதிலே ரொட்டி தின்னும் ஏழையிடம், உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று அதிகாரி கேட்கிறார். கற்பனையை வைத்திருக்கிறேன் என்கிறான் அவன். கொட்டகை சிரித்தது, படம் வெற்றிமேல் வெற்றி பெற்றது, நாட்டுக்கு அவமானம் என்று எந்த அமைச்சரும் அதற்குக் கடிதம் எழுதவில்லை.

ரிச்சியாக நடித்த மாஜியொரானி, படம் முடிந்ததும் தொழிற்சாலைக்குத் திரும்பினார். உலகமெங்கும் அவர் முகம் திரையிலே ஓடிக்கொண்டிருந்தது. ஆட்குறைப்பு வந்தபோது அவர் வேலையும் போயிற்று. கொத்து வேலைக்குப் போனார். சிறு சிறு வேடம் கேட்டுப் படக்கம்பெனிகளின் வாயிலிலே நின்றார்.